சம்பந்தி கொண்டுவந்த பெடல்

முஸ்தகீம் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவர் கையில் ஏதோ இருப்பதை நஜீர் பார்த்துவிட்டார். படித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்து வைத்தார். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. முஸ்தகீம் அவருடைய சம்பந்தி. மருமகள் மஹீராவின் தகப்பனார். அம்பத்தூரில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை வைத்திருப்பவர். பூந்தமல்லிக்கு அவர் வெறுங்கையோடு வந்ததில்லை. அவர் கொண்டுவந்தது எதுவும் இந்த வீட்டில் தங்கியதும் இல்லை. மாம்பழக் கூடை வந்தால் அன்று மாலையே அதே கூடையில் பாதாமும் பிஸ்தாவும் நிரம்பி அம்பத்தூருக்குப் போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்பது வீட்டின் பழக்கம் என்று நஜீர் சொல்லிக்கொள்வார். வந்ததைவிடக் கூடுதலாக அனுப்ப வேண்டும் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. ஒரு பெருநாளைக்கு முஸ்தகீம் மிக்ஸி கொண்டுவந்தபோது அது காரைவிட்டு இறங்கவே இல்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. நஜீரின் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கைக்கூலி என்று வரதட்சணை வாங்கினார்கள். வாங்கியது போதாமல் ஒவ்வொரு பெருநாளைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அண்டா போயிற்று, கட்டில் போயிற்று, அம்மாவின் கழுத்தில் கிடந்ததும் போயிற்று. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது அக்காவே திரும்பி வந்தாள். வண்டியிலிருந்து அவள் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுவந்தவர் நஜீர்தான். அன்று அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதனால்தான் தன் மகன் பைசலின் நிக்காஹ் நாளில் பள்ளிவாசலில் எழுந்து நின்று, ஜமாஅத்தார் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: பெண் வீட்டிலிருந்து ஒரு டம்ளர்கூட என் வாசற்படி தாண்டாது. ஊர் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பள்ளிவாசலிலிருந்து கிளம்பும் அவசரத்தில் சம்பந்திகள் இருவரும் ஒருவர் செருப்பை மற்றவர் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே அளவு. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பெண் வீட்டுச் செருப்பில் ஒரு வாரம் நடந்திருக்கிறோம் என்று நஜீர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தி.”

“வ அலைக்குமுஸ் ஸலாம். வாங்க, உக்காருங்க. இன்னா அது கையில?”

முஸ்தகீம் பெட்டியை மேசையின் நடுவில் வைத்தார். ஒட்டிய டேப் பிரிக்காமல் இருந்தது. மேலே இருந்த படமே போதும்.

“பெடலு. ஷூ அதுல பூட்டிக்கும், புது மாடலு. என் சைக்கிள்ல மாட்டிகினு கீறேனே, அதே தான். உங்களுக்குன்னு ஒரு ஜோடி சொல்லி வரவெச்சேன்.”

“என்கிட்ட பெடல் இருக்கு.”

“அது பெடலா சம்பந்தி? மியூசியத்துல கண்ணாடி போட்டு வெக்க வேண்டியது. கால உள்ள வுட்டா வெளிய எடுக்க வக்கீல் வெக்கணும். இது ஒரு தட்டு தட்னா கழண்டுக்கும். உள்ள மாட்டிகினு கீறப்பவே குதிகாலு கொஞ்சம் இப்டி அப்டி ஆடும். முட்டிக்கு நல்லது.”

முட்டி என்ற சொல்லில் நஜீரின் தாடை இறுகியது. “என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

சமையலறையிலிருந்து வஹீதுன்னிசாவின் குரல் வந்தது. “ஆமா, ஒண்ணும் இல்ல. தைல வாசன தெருமுன வரிக்கும் போவுது, அவ்ளோதான்.”

நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவிக்குத் தெரிவது வேறு. சம்பந்திக்குத் தெரிவது வேறு. நஜீர் ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காக சைக்கிள் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகும் விடியற்காலை வெளிவட்டச் சாலையில் அவரைப் பார்க்காதவர்கள் குறைவு. வட்டார சைக்கிள் மன்றம் ஒவ்வொரு தை மாதமும் நடத்தும் போட்டியில், மூத்தோர் பிரிவுக் கோப்பை அவர் வீட்டு அலமாரிக்கே வந்து பழகியிருந்தது. போன வருடம் அது அம்பத்தூருக்குப் போனது. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று மருத்துவர் மிரட்டியதால் ஐந்து வருடத்துக்கு முன் சைக்கிள் ஏறிய முஸ்தகீம், கடைசி மேம்பாலத்தில் அவரைத் தாண்டிப் போனார். வலது முழங்காலுக்குள் யாரோ ஊசியைத் திருகுவது போல இருந்தது என்பதை நஜீர் யாரிடமும் சொல்லவில்லை. தோற்றவனுக்கு ஜெயித்தவன் கொண்டுவந்து கொடுக்கும் பெடல் இது. பெண் வீட்டுப் பொருள் என்பதோடு பிச்சை என்பதும் சேர்ந்துகொண்டது.

“நல்ல மனசோட கொண்டாந்தீங்க. போறப்ப எடுத்துக்கினு போங்க” என்றார்.

முஸ்தகீமின் சிரித்த முகம் மெல்ல மாறியது. மஹீரா டீத் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன் சம்பந்தி, கோச்சுக்காதீங்க. என் பொண்ண குடுத்தேன். அத வாங்கிகினீங்க. அதவுட பெருசா என்கிட்ட இன்னா கீது? அது உள்ள வரலாம், நான் ஆசயா வாங்கியார ஒரு மாம்பழம் உள்ள வரக்கூடாதா? மூணு வருசமா நான் குடுத்தது எல்லாம் சாயந்தரமே என் ஊட்டு வாசல்ல வந்து நிக்குது. எங்க ஊட்டு பிள்ளைங்க கேக்குதுங்க, நம்ம பொருள்ல இன்னா விசமா கீதுன்னு.”

நஜீர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, ஒரு பேச்சு வெச்சுக்கலாம்” என்றார் முஸ்தகீம். “தை மாசப் போட்டி வருது. அந்தப் பழைய பெடல்லயே நீங்க என்ன முந்திட்டீங்கன்னா, இந்தப் பெட்டிய நானே தூக்கிகினு போயிடறேன். அப்புறம் உங்க ஊட்டுக்கு வெறுங்கைய வீசிகினு தான் வருவேன். நான் முந்திட்டா, நான் குடுக்கறத நீங்க வாங்கிக்கணும். கூடைய திருப்பி அனுப்பக்கூடாது. இன்னா?”

“பந்தயம் கட்றது மார்க்கத்துல இல்ல.”

“காசா வெக்கறோம்? பேச்சு தான சம்பந்தி. பயமா கீதா?”

நஜீர் பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்தார். அதுதான் சம்மதம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மஹீரா அப்போதுதான் டீயைக் கொண்டுவந்தாள், ஆறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து அவர் தினமும் ஓட்டினார். நசரத்பேட்டையிலிருந்து நெமிலிச்சேரி வரை போய்த் திரும்புவார். போகும்போது முழங்கால் சும்மா இருக்கும். திரும்பும்போது, மேம்பாலத்தில் எழுந்து மிதிக்கும் இடத்தில், அந்த ஊசி சரியாக வந்து சேரும். வீட்டுக்கு வந்து அறையைத் தாழிட்டுத் தைலம் தேய்த்துக்கொள்வார். பீரோவின் மேலே பெட்டி உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பி உட்காருவார். அப்போதும் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரியும்.

அவருடைய பழைய பெடல் சாதாரணமானதல்ல. இந்த ஊரில் எல்லோரும் காலைத் தோல்வாரால் பெடலோடு கட்டிக்கொண்டு ஓட்டிய காலத்தில், போட்டிக்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அவர் இனாமாகவே தருகிறேன் என்றார். நஜீர் இரண்டு மாதச் சம்பளத்தை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் எடுத்தார். ஷூவின் அடியில் திருகாணியால் பொருத்திய முக்கோணக் கட்டை ஒன்று இருக்கும். அதை க்ளீட் என்பார்கள். முன்பக்கத்தை பெடலின் வாயில் நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு காலும் சைக்கிளும் ஒரே உடம்பு. பாதம் ஒரு நூல் இழை அசையாது. அந்த அசையாமைதான் அவருக்குப் பிடித்தது. அணியில் இருந்தபோது தலைவர் அளவுகோலை வைத்துப் பார்த்து இரண்டு க்ளீட்டையும் நேராகப் பொருத்திக் கொடுத்தார். கட்டை தேய்ந்து புதிது மாற்றும்போதெல்லாம் நஜீர் அதே அளவுகோலை வைத்தார். நேராக மிதிப்பவன் நேராகப் போவான் என்று பைசலிடம் சொல்வார். அவன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வாசலில் இறங்கத் தெரியாமல் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தான். அதோடு சரி.

போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு மதியம் வஹீதுன்னிசா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நஜீர் பீரோவின் முன் நாற்காலியைப் போட்டு ஏறினார். எதிரியின் ஆயுதம் என்னவென்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை என்று தனக்குத்தானே சொன்னார். கத்தியால் டேப்பைக் கீறும்போது, தன் வீட்டிலேயே தான் திருடுவது போல இருந்தது.

முதலில் கையில் எடுத்தபோது கோபம்தான் வந்தது. கனமே இல்லை. ஒரு கையில் பழையது, மறு கையில் புதியது என்று வைத்துப் பார்த்தார். பழையது உலோகமும் திருகாணியுமாக ஒரு சாமான் போல உட்கார்ந்திருந்தது. புதியது கருப்பாக, காய்ந்த நெற்று மாதிரி இருந்தது. ஆனால் பாதம் பதியும் இடம் பழையதைவிட அகலம். பழையதில் அழுத்தமெல்லாம் ஒரு புள்ளியில் இறங்கும்; இதில் பரவி இறங்கும். ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் சின்னத் திருகாணி இருந்தது. அதைப் பார்த்து அவர் தனியாகச் சிரித்தார். முஸ்தகீம் சிக்னலில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் தளர்த்தி வைத்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் கழன்றுகொள்வது அதனால்தான்.

புது க்ளீட்டைப் பழைய பெடல் ஏற்காது, பழைய க்ளீட்டைப் புதுப் பெடல் ஏற்காது. ஆனால் ஷூவில் பொருத்தும் மூன்று திருகாணியின் இடம் இத்தனை வருடத்தில் மாறவில்லை. நஜீர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஜோடியாகப் போட்டால்தான் அது வாங்கிக்கொண்டதாகும். வலது பக்கம் மட்டும் புதியது. இடது பக்கம் தன் பழையது. ஒற்றைக் காலில் போட்டுப் பார்ப்பது சோதனை, சொந்தமாக்கிக்கொள்வது அல்ல. இப்படி ஒரு சைக்கிள் உலகத்தில் எங்கேயும் ஓடியிருக்காது என்று தோன்றியது. கேட்டைத் திறந்து, தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கிளப்பினார்.

இடது கால் ‘டக்’ என்று பூட்டியது. வலது கால் சத்தம் பெரிதாகப் போடாமல் உள்ளே போனது. சரியாக மாட்டவில்லையோ என்று இரண்டு முறை குனிந்து பார்த்தார். குதிகாலை அசைத்தால் அசைந்தது. இதுவா பெடல், ஆட்டம் கண்ட பல் மாதிரி, என்று முனகினார். சந்தைச் சாலை தாண்டி, லாரிகளுக்கு ஒதுங்கி, ஏரிக்கரையை எட்டும்போது ஊசி வரும் நேரம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. வேண்டுமென்றே எழுந்து நின்று மிதித்தார். வரவில்லை. கரையோரம் ஏற்றத்தில் மறுபடியும் மறுபடியும் மிதித்தார். முழங்கால் யாரோ ஒருவருடைய முழங்கால் போல வேலை செய்துகொண்டிருந்தது.

அவருக்கு சந்தோஷம் வரவில்லை. இதைப் போட்டு ஓட்டினால் முஸ்தகீமை ஜெயிக்கலாம். ஆனால் ஜெயிப்பது எதற்காக? இதை வேண்டாம் என்று சொல்வதற்காக. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பொருளைக் காலில் மாட்டிக்கொண்டு போய் அதையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பழையதைப் போட்டால் தோற்கலாம். தோற்றால் இது வீட்டுக்குள் வரும். மாம்பழம் வரும், மிக்ஸி வரும், பள்ளிவாசலில் சொன்ன சொல் வெளியே போகும். ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சம்பந்திதான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கேட்டைத் திறந்தவள் மஹீரா. அலுவலகத்திலிருந்து அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். அவள் கண் நேராக வலது பெடலுக்குப் போயிற்று. பிறகு இடது பெடலுக்கு. நஜீர் தன் வாழ்நாளில் யார் முன்னாலும் அப்படித் திகைத்து நின்றதில்லை.

“டீ போடட்டுமா மாமா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

மாலை அஸர் தொழுகைக்கு வுளூ செய்யப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். முகம், கை, தலை, கடைசியாகக் கால். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து வாசல் வரை வந்துவிட்டு, துண்டை மறந்த ஞாபகத்தில் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

தரையில் அவருடைய ஈரத் தடங்கள் காயத் தொடங்கியிருந்தன. இடது பாதம் எல்லாம் நேராக இருந்தது. வலது பாதம் ஒவ்வொன்றும் விரல்கள் வெளிப்பக்கம் திரும்பி, குதிகால் உள்ளே தள்ளி, கோணலாக விழுந்திருந்தது. ஒன்றல்ல, எல்லாம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை இந்தத் தரையில் இந்தத் தடங்களை அவர் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தொழுகை வரிசையில் நிற்கும்போது வலது பாதத்தை ஒருமுறை இழுத்து நேராக்கிக்கொள்வது பழகிப்போன வேலை. ஏன் நேராக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டதில்லை. புதுப் பெடலில் குதிகால் எந்தப் பக்கம் ஆடியது? உள்ளே. தானாக, கேட்காமல், அது தன் இடத்துக்குப் போயிருக்கிறது. இத்தனை வருடம் அளவுகோலை வைத்து அதை நேராக்கிப் பூட்டியவர் அவர்தான். கால் சொன்னதைக் கேட்காமல் முழங்காலைத் திருகியது வயசு அல்ல, பழைய பெடலும் அல்ல, அவர் கை.

தொழுதுவிட்டு வந்ததும் பழைய க்ளீட்டை மறுபடி வலது ஷூவில் வைத்தார். இந்த முறை அளவுகோலை எடுக்கவில்லை. ஈரக் காலைத் தரையில் வைத்து எடுத்து, அந்தத் தடத்தின் கோணத்தைப் பார்த்து, அதே கோணத்தில் கட்டையைத் திருப்பித் திருகாணியை முடுக்கினார். புதுப் பெடலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பார்த்துத் தெரிந்துகொண்டது வாங்கிக்கொண்டதில் சேருமா என்று ஒரு கேள்வி வந்தது. பெட்டியைப் பீரோவின் மேலேயே ஏற்றிவைத்தார்.

போட்டி நாளில் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை. மன்றத்தின் செயலாளர் பக்தவத்சலம் விசிலோடு நின்றிருந்தார். பைசல் காரில் வஹீதுன்னிசாவையும் மஹீராவையும் அழைத்து வந்திருந்தான். பெட்டியும் வந்திருந்தது, ஜெயித்தால் அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்று நஜீர் சொல்லியிருந்தார்.

“நீ யார் பக்கம்மா?” என்று முஸ்தகீம் மகளைக் கேட்டார்.

“நான் டீ ஃபிளாஸ்க் பக்கம்” என்றாள் மஹீரா.

“பாத்தீங்களா சம்பந்தி, உங்க ஊட்டுக்கு வந்து பேச கத்துகினா.”

“பேசத் தெரிஞ்சு தான் வந்துச்சு” என்றார் நஜீர். முஸ்தகீம் வாய்விட்டுச் சிரித்தார்.

விசில் ஊதியதும் மூத்தோர் கூட்டம் கிளம்பியது. நெமிலிச்சேரி வரை எதிர்க்காற்று. நஜீர் அவசரப்படவில்லை, யார் பின்னால் ஒளிந்தால் காற்று குறையும் என்று பார்த்து ஒளிந்தார். திரும்பும் இடத்தில் கூட்டம் இளைத்துவிட்டது. ஆவடிக்காரர் ஒருவர் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். மிஞ்சியது சம்பந்திகள் இருவரும்தான். முஸ்தகீம் முன்னால் போனார். அவருடைய கருப்பு ஷூக்கள் புதுப் பெடலில் லேசாக, எண்ணெய் போட்டது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் ஓட்டுகிறான் மனுஷன் என்று நஜீர் முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

மேம்பாலம் வந்தது. ஊசியின் இடம் அது. அவர் எழுந்து நின்று வலது காலை இறக்கினார். ஒன்றுமில்லை. இடது. வலது. முழங்கால் கேட்டதைக் கொடுத்தது. கோணலாக வைத்த பாதம் அந்தக் கோணலிலேயே அசையாமல் பூட்டிக்கிடக்க, இடுப்பிலிருந்து இறங்கிய பலம் ஒரு துளி சிந்தாமல் சக்கரத்துக்குப் போயிற்று. புதுப் பெடலில் கிடைத்த சொகுசு இதில் இல்லை. ஆனால் இந்தப் பிடி அதில் இல்லை. உச்சியில் இருவரும் தோளுக்குத் தோள் சேர்ந்தார்கள். முஸ்தகீம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த ஆச்சரியத்தை நஜீர் கோப்பையைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

“சம்பந்தி… முட்டி?” என்று முஸ்தகீம் மூச்சுக்கு நடுவே கத்தினார்.

“முட்டி நல்லா கீது!” என்று நஜீர் கத்தினார். தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே தெரியாது.

இறக்கத்தில் இருவரும் பறந்தார்கள். கீழே சமதளம் தொட்டதும் நஜீர் கைப்பிடியை இறுக்கிக் குனிந்தார். வாழ்நாள் முழுக்க நிமிர்ந்தே இருந்த முதுகு சாலைக்கு இணையாக மடங்கியது. பழைய பெடல் இரண்டும் கிறீச்சிட்டன. முஸ்தகீமின் முன்சக்கரம் அவர் கண்ணோரத்தில் தெரிந்தது, பாதி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பக்தவத்சலத்தின் கொடி இறங்கியபோது அவருக்கு முன்னால் வெறும் சாலையும் வெயிலும்தான் இருந்தன. வஹீதுன்னிசா தெருவில் நிற்கிறோம் என்பதை மறந்து இரண்டு கையையும் தூக்கி, “யா அல்லா, ஜெயிச்சுட்டாரு, கெழவரு ஜெயிச்சுட்டாரு!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் மூச்சு ஆற்றிக்கொண்டார்கள். பிறகு முஸ்தகீம் எழுந்து வந்து நஜீரைக் கட்டிக்கொண்டார். வியர்வையோடு வியர்வை ஒட்டியது.

“நியாயமா ஜெயிச்சீங்க. மேம்பாலத்துல நான் செத்தேன்னு நெனச்சேன்” என்றார். “பேசுன பேச்சு பேச்சு தான். பெட்டிய குடுங்க, எடுத்துக்கினு போறேன். இனிமே மாம்பழம் இல்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மஹீரா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

பைசல் பெட்டியைக் கொண்டுவந்தான். முஸ்தகீம் வாங்கினார். கீறிய டேப்பைப் பார்த்தார். நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார்.

“நான் தான் பிரிச்சேன்” என்றார் நஜீர். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பள்ளிவாசலில் பேசிய அதே குரல். “வலது காலுக்கு மட்டும் மாட்டி ஏரி வரிக்கும் ஓட்னேன். என் காலு எப்டி நிக்கும்னு அது தான் காட்டுச்சு. அத பாத்து தான் பழைய கட்டய திருப்பி வெச்சேன். அது இல்லன்னா இன்னிக்கு நான் மேம்பாலம் ஏறியிருக்க மாட்டேன்.”

முஸ்தகீம் இப்போது எக்காளமிடலாம். மொத்த ஊருக்கும் சொல்லலாம். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் கேட்பவர் போலக் கேட்டார்:

“எப்டி கீது சம்பந்தி? நல்லா கீதா?”

“ரொம்ப நல்லா கீது.”

நஜீர் எழுந்து காரிலிருந்து ஸ்பானரைக் கொண்டுவரச் சொன்னார். சைக்கிளைச் சாய்த்து வைத்துப் பழைய பெடலைக் கழற்றத் தொடங்கினார். வலது பெடல் ஒரு பக்கம் சுற்றிக் கழன்றது. இடது பெடல் எதிர்ப்பக்கம் சுற்றித்தான் கழன்றது. கையெல்லாம் கிரீஸ். இரண்டையும் தன் கழுத்துத் துண்டில் துடைத்தார். ஷூக்களையும் கழற்றினார். எல்லாவற்றையும் சேர்த்து முஸ்தகீமின் முன்னால் பெஞ்சில் வைத்தார்.

“தோத்துட்டு வாங்கியிருந்தா அது வேற. ஜெயிச்சவன் நான், கேக்கறேன். அந்தப் பெட்டிய குடுங்க” என்றார். “வெறும் பாத்திரத்த திருப்பி அனுப்பி எங்க ஊட்ல பழக்கம் இல்ல. இத எடுத்துக்கினு போங்க. என் ஊட்ல இதவுட பெருசு இல்ல. இனிமே சாயந்தரம் கூடை திரும்பி வராது. மாம்பழத்த தின்னுட்டு சும்மா இருப்போம்.”

முஸ்தகீம் பெடலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கிரீஸு பட்டுச்சு” என்றார்.

“கண்ணுல எப்டி மாமா கிரீஸு படும்?” என்றான் பைசல். மஹீரா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க நஜீர் திரும்பவில்லை. பார்த்தால் தானும் ஏதாவது செய்துவிடுவோம் என்று இருந்தது.

“இப்பவே ஓட்டி பாக்கணும்” என்று முஸ்தகீம் சின்னப் பையன் போல அடம்பிடித்தார். பைசல் அவருடைய சைக்கிளில் பழைய பெடலை மாட்டிக் கொடுத்தான். நஜீரின் ஷூ சம்பந்தியின் காலில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. ‘டக்’. ‘டக்’. முஸ்தகீம் டீக்கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், இன்னொரு வட்டம் போட்டார், கைதட்டிச் சிரித்தார். மூன்றாவது வட்டத்தில் வேகத்தைக் குறைத்து, பழக்கப்படி குதிகாலை ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். முகம் மாறியது. நிறுத்தினால் விழ வேண்டும். விழக்கூடாது என்றால் ஓட்ட வேண்டும்.

“சம்பந்தி! இதுலேர்ந்து எப்டி கழட்றது?”

நஜீர் பெஞ்சில் முதுகு நிமிர உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. வெறுங்கால்கள் குளிர்ந்த மண்ணில் பதிந்திருந்தன. வலது கால் விரல்கள் தம் விருப்பப்படி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தன. அவர் அதை நேராக்கவில்லை. வஹீதுன்னிசா நீட்டிய டீயை வாங்கி மெல்ல ஊதினார்.

“சம்பந்தி! ஓய்! இன்னா சிரிக்கிறீங்க, சொல்லுங்க!”

டீ இன்னும் சூடாக இருந்தது. முஸ்தகீம் ஐந்தாவது வட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.